தீவார் லைனில் யாரும் குடியில்லை

1

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், ஒருத்தி என் தங்கை விட்டுவிட்டுப் போனவள். ஐந்து பேருக்கும் கல்யாணம் முடித்து அனுப்பிவிட்டு, புனேயில் என் வீட்டில் தனியாக இருக்கிறேன், என் அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறேன். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. என்னை யாரோ கைவிட்டுவிட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொள்ளக் கூடாது.

போளூருக்குப் பக்கத்தில் நான் மூன்றாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடத்துக்கு விழா மலர் போடுகிறார்களாம். வெளியூர் போய்க் குடியேறியவர்கள் தாங்கள் இருக்கும் இடத்தைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டும் என்று ஒரு தாள் வந்தது. அனுப்பியவள் என் தம்பி மகள் அமுதா. அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது அவள்தான் டீச்சர். தாளில் கேள்விகள் இருந்தன. இடத்தின் பெயர், எல்லைகள், குடும்பங்கள், நிர்வாகம், குடிநீர், சிறப்பு.

நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். கால் வர வேண்டிய இடத்தில் கொம்பு வரும். அமுதா திருத்திக்கொள்ளட்டும். ஒரு பக்கம் எழுத ஒரு மதியம் ஆகிறது. இன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை சர்வேக்காரர்கள் திரும்பவும் வருகிறார்கள். பக்கத்து வீட்டுக் கஸ்தூரிக்கு இனி வீடு உண்டா இல்லையா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். அது என் கையில் இருக்கிறது. இதைச் சர்வேக்காரர்கள் அறியமாட்டார்கள், கஸ்தூரியும் அறியமாட்டாள். எடுத்தவுடன் அதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. தாளில் கேட்ட வரிசையிலேயே போகிறேன்.

2

இடத்தின் பெயர் தீவார் லைன். தீவார் என்றால் ஹிந்தியில் சுவர். கிழக்கே ராணுவத்தின் சுவர், உச்சியில் கண்ணாடித் துண்டு பதித்தது. மேற்கே ரயில்வேயின் சுவர். வடக்கே பம்ப் ஷெட்டும் அதற்குப் பின்னால் சாக்கடை ஓடையும். தெற்கே கோர்படி பக்கம் போகிற சந்து. இரண்டு சுவருக்கும் நடுவில் இருபது அடி. ராணுவச் சுவரில் முதுகு சாய்த்து ஒரே வரிசையாக நாற்பத்தொரு வீடு. மீதி இடம் நடக்க. ஆள் செத்தால் பாடையைத் தலைக்கு மேல் தூக்கித்தான் வெளியே கொண்டுபோக முடியும். என் வீட்டுக்காரரையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள்.

நிர்வாகம் என்று கேட்ட இடத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ரயில்வேயில் கேட்டால் சுவர் வரைக்கும்தான் எங்கள் இடம் என்பார்கள். ராணுவத்திலும் அதே பதில்தான். கார்ப்பரேஷன் வார்டு படத்தில் கோடு சந்து முனையோடு நின்றுவிடுகிறது. தண்ணீர் பம்ப் ஷெட்டில் ஒழுகுகிற குழாயில் பிடிப்போம். மின்சாரம் சந்துக் கடைக்காரர் மீட்டரிலிருந்து வருகிறது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஐயோ என்பார்கள். எங்கள் ஊரில் எங்களுக்கு ஒரு முழம் நிலம் இருந்ததில்லை. ஆனால் எந்தத் தெரு யாருடையது, எந்த வேலி எதுவரைக்கும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாங்கள் தாண்டாமல் இருப்பதற்காகவே தெரிய வைத்திருந்தார்கள். அந்தக் கோடுகளை விட்டு ஓடித்தான் கோடே இல்லாத இந்த இடத்துக்கு வந்தோம். வந்த அன்றைக்கு, இது யாருடைய இடம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். “யாருதும் இல்ல. அதான் நாம கீறோம்” என்றார். அன்று அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

என் சின்ன மகன் சேகர் அமெரிக்காவில் இருக்கிறான். ஆறு வருஷத்துக்கு முன் அங்கே போய் மூன்று மாதம் இருந்தேன். பெரிய பெரிய வீடுகள், புல்தரை, தெருவில் மனுஷ நடமாட்டமே கிடையாது. ஒருநாள் அவனைக் கேட்டேன்.

“ஏண்டா, இந்த ஊரு முனிசிபாலிட்டி எங்க கீது?”

“இந்த ஊருக்கு முனிசிபாலிட்டியே கெடையாதும்மா. மேயரும் இல்ல. பேரு மட்டும்தான். போலீஸ், ரோடு எல்லாம் மாவட்டத்துல இருந்து வரும். குப்பைக்குத் தனியா கம்பெனி. ஊராவே ஆவ வேணாம்னு ஓட்டுப் போட்டு வெச்சிருக்காங்க. வரி ஏறிடுமாம்.”

“அப்ப நம்ம லைன் மாதிரிதான்னு சொல்லு.”

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலுக்கு வாசல் கம்பத்தில் ஒரு தபால் பெட்டி நின்றது. ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். யாரும் ஆளாத ஊர், ஆனால் இன்ன வீட்டில் இன்னார் இருக்கிறார் என்று காகிதம் இருக்கிறது. அவர்கள் விரும்பி ஊராகாமல் இருக்கிறார்கள். எங்களை யாரும் விருப்பம் கேட்டதில்லை. திரும்பி வந்து இதைக் கஸ்தூரியிடம் சொன்னபோது, “நெம்பர் இருந்தா போதுமே யக்கா, மேயர் எதுக்கு?” என்றாள்.

3

எங்களுக்கு நம்பர் இல்லாததால் நாங்கள் இன்னொருவர் நம்பரை எடுத்துக்கொண்டோம்.

என் வீட்டுக்காரர் ராணுவ டிப்போவில் மஸ்தூர், கூலியாள். ரேஷன் கார்டுக்குப் போனபோது வீட்டு நம்பர் இல்லாமல் நடக்காது என்றார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸ் பதினேழாம் நம்பரில் எங்கள் தாலுக்காக்காரர் சின்னசாமி அண்ணனும் அவர் சம்சாரம் ராஜம்மாளும் இருந்தார்கள். “எங்க வூட்டு நெம்பரப் போட்டுக்கோயேன், அது இன்னா தேஞ்சா பூடும்?” என்றாள் ராஜம்மாள். போட்டுக்கொண்டோம். அப்புறம் லைனுக்குப் புதிதாக யார் வந்தாலும் நான்தான் ராஜம்மாளிடம் கூட்டிப்போய் அந்த நம்பரை வாங்கிக் கொடுப்பேன். இரண்டு அறையுள்ள அந்த வீட்டில் காகிதப்படி நாற்பது குடும்பம் இருந்தது. வோட்டர் லிஸ்ட் வந்தபோது ஒரே வீட்டு நம்பருக்கு மூன்று பக்கம் ஓடியது. தபால்காரர் ராஜம்மாளைப் பார்த்து, “யே கர் ஹை கி ரேல்காடி?” என்பார். இது வீடா, ரயில்வண்டியா என்று.

வாரத்துக்கு ஒருமுறை அங்கே போய் எல்லார் தபாலையும் கட்டாக வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுப்பது என் வேலை. அதில் எனக்குப் பெருமை இருந்தது, மறைக்க மாட்டேன். லைனில் கையெழுத்துப் போடத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்திதான். தனபாக்கியம் என்ற ஏழு எழுத்தையும் ஒன்று விடாமல் போடுவேன். மற்றவர்கள் ரேகை வைப்பார்கள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் என்றே சொல்லி வளர்ந்தார்கள். சிநேகிதப் பிள்ளைகள் வழித்துணையாக வந்தால் பதினேழு வரை நடந்து, ராஜம்மாள் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, சிநேகிதர்கள் போன பிறகு எங்கள் பிள்ளைகள் சுவர் சந்து வழியாக வீட்டுக்கு வரும். பெரியவள் வசந்தாவைப் பெண் பார்க்கத் தாபோடியிலிருந்து வந்தவர்களையும் அங்கேதான் உட்கார வைத்தோம். டீ கொடுத்தது ராஜம்மாளின் டம்ளரில். வசந்தாவின் மாமியாருக்கு இன்றுவரை தீவார் லைன் என்று ஒன்று இருப்பது தெரியாது.

4

கஸ்தூரி வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. அப்போது இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. புருஷனுக்குக் குட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிற வேலை. வந்த மறுவாரம் வழக்கம்போல நான் பதினேழுக்குக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை.

“எனக்கு அந்தப் பதினேழு வேணாம் யக்கா. நான் எங்க கீறனோ அதையே எழுதிக் குடுக்கறேன்.”

“எங்க கீற? ரெண்டு சொவுத்துக்கு நடுவுல பல்லி மாதிரி கீற. அதையா எழுதுவ?”

“பல்லின்னா பல்லின்னே எழுதறேன். எங்கப்பனுக்கு நெலம் போனதே காயிதத்துல நெம்பரு மாறினதாலதான். உள்ளத எழுதினா ஒரு நாளு இல்லன்னா ஒரு நாளு நிக்கும்.”

பிடிவாதக்காரி. மனு எழுதுகிறவரிடம் தானே போய், மராட்டியில் எழுதி வாங்கி, ரேகை வைத்துக்கொண்டு வந்தாள். ராணுவச் சுவருக்கும் ரயில்வே சுவருக்கும் நடுவில், பம்ப் ஷெட்டிலிருந்து ஆறாவது வீடு என்று விலாசம். மறுநாள் அவளுக்கு பங்களா வேலை இருந்தது. மனுவை என்னிடம் கொடுத்து, ரேஷன் ஆபீஸில் சேர்த்துவிடச் சொன்னாள்.

கவுண்ட்டரில் வாங்கி முத்திரை குத்தி நம்பர் போட்டார்கள். உள்ளே கொண்டுபோனால், இப்படி ஒரு விலாசம் எந்த வார்டிலும் இல்லையே, பரவாயில்லை, இன்ஸ்பெக்டரை அனுப்புகிறேன், நேரில் பார்த்து எழுதட்டும் என்றார் அங்கே இருந்தவர். நல்லபடியாகத்தான் சொன்னார். இன்ஸ்பெக்டர் வந்தால் ஆறாவது வீட்டை மட்டுமா பார்ப்பார்? வீட்டுக்கு வீடு கார்டைக் கேட்பார். பதினேழு அவிழ்ந்துவிடும். வசந்தாவுக்குக் கல்யாணம் இன்னும் மூன்று வாரம். பத்திரிகையில் பதினேழு என்று அச்சடித்துக் கொடுத்தாகிவிட்டது.

“தப்பா எழுதிட்டாங்க சாப்” என்று மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து புது ஃபாரம் வாங்கி, அதே மனு எழுதுகிறவரிடம் கஸ்தூரி பெயரில் பதினேழாம் நம்பர் போட்டு எழுதச் சொன்னேன். ரேகை வைக்க வேண்டிய இடம் வந்தது. சுற்றிப் பார்த்தேன். என் இடது கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தேன். அதற்கு முன்னும் பின்னும் எந்தக் காகிதத்திலும் நான் ரேகை வைத்ததில்லை.

சாயங்காலம் கஸ்தூரி வந்து கேட்டாள்.

“குடுத்துட்டியா யக்கா?”

“குடுத்தேன். முத்திரை குத்தினாங்க.”

இரண்டும் பொய் இல்லை. கார்டு வந்தது. அவளுக்கு மராட்டி எழுத்து தெரியாது. கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் வைத்தாள். பின்னால் வந்த அட்டைகள் எல்லாம் அந்தக் கார்டைப் பார்த்து எழுதியவைதான். அவள் தபாலும் நான் வாங்கி வருகிற கட்டோடுதான் வரும்.

முத்திரை விழுந்த காகிதத்தை எங்கள் லைனில் யாரும் எறிய மாட்டோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் காகிதத்தில் தெரிகிற ஒரே விஷயம் முத்திரைதான். கஸ்தூரியின் பழைய மனு என் தகர டப்பாவின் அடியில் இருக்கிறது. இருபத்தேழு வருஷமாக இருக்கிறது.

5

பத்து நாளுக்கு முன் சர்வேக்காரர்கள் வந்தார்கள். லைனை எடுத்துவிட்டு ரோடு போடப் போகிறார்கள். சந்து முனையிலிருந்து கதவுக்குக் கதவு சிவப்புச் சாயத்தில் நம்பர் எழுதிக்கொண்டே வந்தார்கள். என் வீடு முப்பத்தைந்து, கஸ்தூரி வீடு முப்பத்தாறு. ஐம்பது வருஷத்தில் என் கதவுக்கு முதன்முறையாக நம்பர் வந்தது. இடிப்பதற்காக வந்தது.

இந்த இடத்தில்தான் இருந்தோம் என்று பழைய காகிதம் காட்டுகிறவர்களுக்கு ஊருக்கு வெளியே ஒரு கட்டிடத்தில் ஓர் அறை கிடைக்கும். காட்டாதவர்களுக்கு ஒன்றும் கிடையாது. புராவா, புராவா என்று எல்லார் வாயிலும் அதே பேச்சு. மராட்டியில் அத்தாட்சி என்று அர்த்தம். பெட்டி, பை, மாவு டின் எல்லாம் வெளியே வந்தன.

சர்வேக்குப் பொறுப்பாக வந்தது ஒரு சின்னப் பெண், கையில் கம்ப்யூட்டர் பலகை. பொறுமைசாலி. என் கார்டைப் பார்த்துவிட்டு, “ஆஜி, தும்சா பத்தா இத்லா நாஹி” என்றாள். பாட்டி, உங்கள் விலாசம் இந்த இடத்தது இல்லை. அடுத்த கார்டு, அதற்கடுத்த கார்டு, எல்லாம் பதினேழு. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பதினேழை இடித்து எட்டு வருஷம் ஆகிறது. சின்னசாமி அண்ணனும் ராஜம்மாளும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். காகிதப்படி நீங்கள் எல்லாரும் அந்த வீட்டில் இருக்கிறீர்கள், தீவார் லைனில் யாருமே குடியில்லை, அப்படியானால் என் முன்னால் நிற்பவர்கள் யார் என்று ஹிந்தியில் கேட்டாள்.

“ஹம் பூத் ஹை மேடம்” என்றான் கூட்டத்தில் ஒருத்தன். நாங்கள் பேய்கள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள்.

கஸ்தூரி பதற்றம் இல்லாமல் வந்தாள். புருஷன் போய்விட்டான், மகளைச் சோலாப்பூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, அந்த ஓர் அறைதான் அவளுக்கு. “என்னுது சரியா இருக்கும். நான் உள்ளத எழுதிக் குடுத்தவ” என்று எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துக் கார்டை நீட்டினாள். அந்தப் பெண் வாசித்தாள். பதினேழு.

கஸ்தூரி திரும்ப வாசிக்கச் சொன்னாள். திரும்பவும் பதினேழு.

“எந்தப் பாவி மாத்தி எழுதினான்! அவன் கை அழுவிப் பூட!”

என் இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் அவளைத் தேற்றினாள். அன்று கொடுத்த மனு முத்திரையோடு இருந்தால் கொண்டு வாருங்கள், அது ஒன்று போதும், உங்களை எழுதிக்கொள்கிறேன், இங்கே ஒரு குடியிருப்பு இருந்தது என்பதற்கும் அதுதான் அத்தாட்சி, மற்றவர்களுக்கும் கேட்டுப் பார்க்கலாம் என்றாள். கஸ்தூரி என் பக்கம் திரும்பினாள்.

“யக்கா, நீதான போய்க் குடுத்த. சீட்டு எதுனா திருப்பிக் குடுத்தாங்களா?”

“இருவத்தேழு வருசம் ஆச்சே, கஸ்தூரி” என்றேன்.

அன்றிலிருந்து தினமும் பங்களா வேலை முடித்து அந்த ஆபீஸுக்குப் போய் பழைய ஃபைலைக் கேட்கிறாள். ஆபீஸே இரண்டு முறை இடம் மாறிவிட்டது. திரும்பி வந்ததும் என்னிடம்தான் சொல்கிறாள். நான் மோர் கொடுக்கிறேன். குடித்துவிட்டு அந்தக் கிளார்க்கின் குடும்பத்தைச் சபிக்கிறாள்.

6

ஆகுர்டியில் ஃப்ளாட் வாங்கியிருக்கும் பெரிய மகன் முருகனிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன்.

“அத எரிச்சிடும்மா.”

“ஏண்டா?”

“அது வெளிய வந்தா பதினேழு பொய்யின்னு ஆவுது. என் ஸ்கூல் சர்டிஃபிகேட், ஜாதி சர்டிஃபிகேட், நம்ம நந்தினிக்குக் கெடச்ச காலேஜ் சீட்டு, எல்லாத்துலயும் அந்தப் பதினேழுதான் நிக்குது. அடுத்தவ பேருல நீ ரேகை வெச்சத நீயே போய்ச் சொல்லுவியா? இந்த வயசுல கோர்ட்டுக்குப் போறியா?”

“அப்ப கஸ்தூரி?”

“சோலாப்பூர்ல பொண்ணு கீறா இல்ல?”

“மருமவன் வூட்டு வாசல்ல படுத்துக்கச் சொல்றியா?”

“அவங்க பாடு. நீ எங்க கூட வந்துடு. ஆபீஸ்ல எல்லாருக்கும் எங்கம்மா குவார்ட்டர்ஸ்லதான் இருந்தாங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. குவார்ட்டர்ஸ் என்று சொல்லடா என்று சொல்லி வளர்த்தது நான். இன்று அவன் அதை என்னிடமே சொல்கிறான். அவன் வீட்டில் எனக்குத் தனி அறை உண்டு, மருமகளும் தங்கமானவள். என் வீடு போனால் எனக்குப் படுக்க இடம் இருக்கிறது. அதனால்தான் பத்து நாளாக என்னால் வாய் மூடி இருக்க முடிந்தது. இதுவும் எழுதப்பட வேண்டும்.

டப்பாவைத் திறந்து மனுவை வெளியே எடுத்தேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது. முத்திரை நன்றாகத் தெரிகிறது. கீழே கஸ்தூரியின் ரேகை, சின்னக் கட்டை விரல், அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயசுதான். தீப்பெட்டி பக்கத்திலேயே இருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். எரிக்க முடியவில்லை. கூப்பிட்டுக் கொடுக்கவும் முடியவில்லை. லைனில் எல்லாருக்கும் வழிகாட்டினவள் என்று தலை நிமிர்த்தி நடந்தவள் நான். அவள் என் முகத்தைப் பார்த்து, நீயா என்று கேட்டால் என்ன சொல்வேன்? இரண்டு தரம் அவள் வாசல் வரை போய், பருப்பு இருக்குதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

அமுதா, சிறப்பு என்று நீ கேட்ட இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. இங்கே உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தவள் ஒருத்திதான். அதையும் நான் மாற்றிவிட்டேன். வேண்டுமானால் அதைப் போட்டுக்கொள்.

7

இன்று ஞாயிறு. முருகன் மகள் நந்தினி வந்திருக்கிறாள். காலேஜில் இரண்டாம் வருஷம். அவள் அம்மா சொல்லிக் கொடுத்த தமிழ், எழுத்து எழுத்தாகத்தான் படிப்பாள். கஸ்தூரியும் வந்து வாசப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். நாளைக்கும் ஆபீஸ் போகிறேன், கடைசித் தடவை கேட்டுப் பார்க்கிறேன் என்கிறாள்.

நான் எழுதிக்கொண்டே இருப்பதைப் பார்த்து நந்தினி கேட்டாள்.

“ஆயா, யே க்யா லிக் ரஹீ ஹோ? என்ன எழுதற, யாருக்கு லெட்டர்?”

“நம்ம லைனப் பத்தி எழுதறேன். முடிஞ்சதும் படிச்சிக் காட்டு.”

“எனக்கு மெதுவாத்தான் வரும் ஆயா. நீயே படியேன்.”

நந்தினி, அதற்குப் பதிலை இங்கேயே எழுதுகிறேன், நீ இந்த இடத்துக்கு வரும்போது தெரிந்துகொள். நான் படித்தால் நாலாவது பகுதியைத் தாண்டிப் போய்விடுவேன். நீ எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், உனக்குத் தாண்டத் தெரியாது. இதில் உன் காலேஜ் காகிதமும் மாட்டிக்கொண்டிருக்கிறது. படித்த பிறகு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். கஸ்தூரி திட்டுவாள். எழுந்து போய்விட்டாலும் போவாள். போவதற்குள் இந்த நோட்டின் பின்னட்டையில் செருகியிருக்கும் மனுவை எடுத்து அவள் கையில் கொடுத்துவிடு. நாளைக்கு அவள் அதைக் காட்டும்போது நானும் கூட நிற்பேன், என் விரலையும் காட்டுவேன்.

நோட்டை உன்னிடம் தருகிறேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கமாக வந்து உட்கார். வாசப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி வாசி.